கேமரா தரும் எண்ணை எலக்ட்ரானாக மாற்றுதல்: ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கிக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஒரே செல், ஒரே சாயம், ஒரே ஒளியூட்ட நேரம். பழைய கேமராவில் 800 என்று வருகிறது, புதிய கேமராவில் 2400 என்று வருகிறது. அப்படியானால் புதியதன் உணர்திறன் மூன்று மடங்கா? நுண்ணோக்கி அறையில் புதிய கருவி வந்து இறங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்சாரில் ஒளி விழுந்து பிறந்த எலக்ட்ரான்களைக் கேமராவின் மின்சுற்று ஏதோ ஒரு விகிதத்தில் எண்ணாக மாற்றி, அதன்மேல் ஆஃப்செட் எனப்படும் ஒரு நிலையான தொகையையும் கூட்டித்தான் நமக்குத் தருகிறது. கெயினை, அதாவது அந்த விகிதத்தைக் கூட்டினால் எண் பெரிதாகும். ஆனால் அதனால் ஒரு ஃபோட்டான்கூடக் கூடுதலாகச் சென்சாருக்கு வந்து சேராது.

ஆகவே உணர்திறனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், நம் கேமராவின் ஒரு எண் எத்தனை எலக்ட்ரானுக்குச் சமம் என்பதை அளந்துகொள்ள வேண்டும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஜேம்ஸ் ஜேனசிக் சிசிடி வகைச் சென்சார்களைச் சோதிப்பதற்காக வளர்த்தெடுத்த முறையின் எளிய வடிவமே இங்கு நான் விளக்கப்போவது. தனிக்கருவி எதுவும் தேவையில்லை. உங்கள் நுண்ணோக்கியும், படங்களை அலசும் ஃபிஜி மென்பொருளும், ஒரு விரிதாளும் போதும். குவியப்படுத்துவது, ஃபில்டர் மாற்றுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முறையின் அடிப்படை

ஒளி துகள்துகளாக வருவதால், ஒரு பிக்சலில் சராசரியாக N எலக்ட்ரான்கள் சேரும் இடத்தில், ஒவ்வொரு முறையும் சரியாக N வராது. N-இன் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். 100 எலக்ட்ரான் என்றால் ஏற்ற இறக்கம் 10, 10,000 என்றால் 100. வேறுவகையில் சொன்னால், எலக்ட்ரான் கணக்கில் சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் (அதாவது ஏற்ற இறக்கத்தின் வர்க்கமும்) ஒன்றே. கேமரா எண்ணின் கணக்கில் இவ்விரண்டும் சமமாக இருப்பதில்லை. அவற்றுக்கிடையே உள்ள விகிதம்தான் நாம் தேடும் மாற்றுக்காரணி. ஆஃப்செட் நீக்கிய சராசரியை விலக்க வர்க்கச் சராசரியால் வகுத்தால், ஓர் எண்ணுக்கு எத்தனை எலக்ட்ரான் என்பது வந்துவிடும்.

முதல் படி: கேமராவைத் தயார்செய்தல்

கேமராவை இயக்கிச் சென்சாரின் வெப்பநிலை நிலைபெறும்வரை காத்திருக்கவும். பிறகு மென்பொருள் அமைப்புகளுக்குள் சென்று, இரைச்சல் நீக்கம், பழுதுற்ற பிக்சல் திருத்தம், தானியங்கிக் கெயின் ஆகிய அனைத்தையும் அணைத்துவிடவும். நாம் அளக்கப்போவதே இரைச்சலை என்பதால், அதை மென்பொருள் முன்கூட்டியே துடைத்துவிட்டால் வரும் விடைக்குப் பொருளே இருக்காது. பின்னிங் (பக்கத்துப் பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்தல்) இல்லாமல், முழு 16 பிட் ஆழத்தில், டிஃப் கோப்பாகவே சேமிக்கவும். படமெடுக்க நான் மைக்ரோ-மேனேஜர் என்னும் மென்பொருளையே விரும்புகிறேன். கேமராவோடு வரும் நிறுவன மென்பொருள்கள் பார்வைக்கு அழகாக இருந்தாலும், சேமிக்கும்போது எண்களை என்ன செய்கின்றன என்பதை எப்போதும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

இரண்டாம் படி: இருட்டுப் படங்கள்

கேமராவுக்கு ஒளி செல்லும் பாதையை முழுதும் மூடி, மிகக் குறைந்த ஒளியூட்ட நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு படங்கள் எடுக்கவும். இவற்றின் சராசரியே ஆஃப்செட். பல எஸ்சிமாஸ் (அறிவியல் பணிக்கான சிமாஸ் சென்சார் கொண்ட) கேமராக்களில் இது 100-ஐ ஒட்டி இருக்கும். அறிவியல் கேமராக்களில் எண் எப்போதும் பூச்சியத்துக்கு மேலேயே நிற்கும்படி இதை வேண்டுமென்றே வைக்கிறார்கள். இல்லாவிட்டால் இரைச்சலின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டுவிடும்.

ஆஃப்செட்டைக் கழிக்காமல் விகிதம் எடுப்பது ஃப்ளோரசன்ஸ் அளவீட்டில் மிகப் பரவலான பிழை. ஒரு செல் 300, மற்றொன்று 200 என்றால் ஒன்றரை மடங்கு என்று எழுதிவிடுகிறோம். ஆஃப்செட் 100-ஐக் கழித்தால் அது 200-க்கு 100, அதாவது இரண்டு மடங்கு. மங்கலான மாதிரிகளில் இந்த வேறுபாடு முடிவையே மாற்றிவிடும்.

மூன்றாம் படி: சீரான ஒளியில் இணைப்படங்கள்

சாயக் கரைசல், ஒளிரும் பிளாஸ்டிக் ஸ்லைடு என்று பலரும் பலவற்றைப் பரிந்துரைக்கிறார்கள். இந்த அளவீட்டுக்கு அவை எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. எலக்ட்ரான் எண்ணாக மாறும் விகிதம் ஒளியின் நிறத்தைப் பொறுத்ததன்று. எனவே ஸ்லைடே வைக்காமல், மாதிரியின் ஊடாக மேலிருந்து ஒளி பாய்ச்சும் விளக்கை மங்கலாக எரியவிட்டு, குவியத்தைத் தள்ளிவைத்து, ஒளிப்பாதையில் ஒரு மெல்லிய ஒளிசிதற்றியை வைத்தால் போதும். சாயம் வெளிறிப்போகும் தொல்லையும் இருக்காது.

ஒரே ஒளிநிலையில் அடுத்தடுத்து இரண்டு படங்கள் எடுக்கவும். பிறகு ஒளியையோ ஒளியூட்ட நேரத்தையோ மாற்றி மீண்டும் இரண்டு. இவ்வாறு இருட்டை ஒட்டிய நிலையிலிருந்து கேமரா நிறைவடையும் நிலைக்குச் சற்று முன்புவரை எட்டுப் பத்து நிலைகள் இருந்தால் நல்லது.

எல்இடி விளக்கு வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில விளக்குகள் ஒளியைக் குறைப்பதற்கு, மிக வேகமாக அணைந்து எரியும் உத்தியைக் கையாளுகின்றன. எஸ்சிமாஸ் கேமரா வரிசை வரிசையாகப் படிப்பதால், குறுகிய ஒளியூட்ட நேரத்தில் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் விழும். இரண்டு படங்களிலும் அவை ஒரே இடத்தில் விழாததால் இரைச்சலாகக் கணக்கில் ஏறிவிடும். விளக்கைக் குறைக்காமல் முழு ஒளியில் வைத்து, எல்லா நிறங்களையும் ஒரே அளவில் மங்கச்செய்யும் நடுநிலை அடர்த்தி ஃபில்டரால் ஒளியை மட்டுப்படுத்துவதே நம்பகமான வழி.

நான்காம் படி: ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்தல்

நின்று நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான்.

ஒரே படத்தில் திட்டவிலக்கத்தை (விலக்க வர்க்கச் சராசரியின் வர்க்கமூலத்தை) எடுத்தால் போதாதா என்று தோன்றும். போதாது, ஏனெனில் விளக்கின் ஒளி படத்தின் நடுவில் கூடுதலாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருக்கும், தூசி இருக்கும், பிக்சலுக்குப் பிக்சல் சிறு வேறுபாடும் இருக்கும். பிக்சல்களுக்கிடையே 1 விழுக்காடு வேறுபாடு என்றே வைத்துக்கொள்வோம். சராசரி 30,000 என்னும் நிலையில் அதுவே 300 எண் ஆகிவிடுகிறது. ஓர் எண்ணுக்கு 0.46 எலக்ட்ரான் என்னும் கேமராவில் அந்நிலையில் ஒளியின் இயல்பான ஏற்ற இறக்கம் 255 எண்தான். அளக்க விரும்பியதைவிட அளக்க விரும்பாதது பெரிதாகிவிடும். இரண்டு படங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பவை நீங்கி, படத்துக்குப் படம் மாறும் இரைச்சல் மட்டும் எஞ்சும்.

ஃபிஜியில் ப்ராசஸ் மெனுவில் உள்ள இமேஜ் கால்குலேட்டரைத் திறந்து, கழித்தலைத் தேர்ந்தெடுக்கவும். அங்கே '32-பிட் ஃப்ளோட் ரிசல்ட்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் கட்டாயம் குறியிடவும். குறியிடாமல் விட்டால் விடையும் 16 பிட் படமாகவே வரும். 16 பிட் படத்தில் எதிர்ம எண்ணுக்கு இடமில்லை. இரண்டு ஏறக்குறைய சமமான படங்களைக் கழிக்கும்போது பாதிப் பிக்சல்கள் எதிர்மமாகத்தான் வரும்; அவை அனைத்தும் எச்சரிக்கையின்றிப் பூச்சியமாக்கப்பட்டுவிடும். அப்போது விலக்க வர்க்கச் சராசரி உண்மை மதிப்பில் ஏறத்தாழ 34 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. மாற்றுக்காரணியோ ஏறத்தாழ மூன்று மடங்காக வீங்கிவிடுகிறது. கொடுமை என்னவென்றால், எல்லா நிலைகளிலும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் வரைபடம் அழகான நேர்கோடாகவே இருக்கும். தவறு நடந்ததற்கு அதில் ஒரு தடயமும் தெரியாது. கழித்த படத்தின் ஹிஸ்டோகிராமை (எந்த எண் எத்தனை பிக்சலில் வருகிறது என்னும் வரைபடத்தை) திறந்து பாருங்கள்: பூச்சியத்தை நடுவாகக் கொண்டு இருபுறமும் சமமாகச் சரியும் மேடாக இருந்தால் சரி, பூச்சியத்தில் ஒரு கம்பம் நட்டதுபோல் நின்றால் மீண்டும் செய்க.

அடுத்து, படத்தின் நடுவில் 200-க்கு 200 பிக்சல் அளவில் ஒரு சதுரம் வரைந்து, கழித்த படத்தில் அதன் திட்டவிலக்கத்தை அளக்கவும். அச்சதுரத்தில் 40,000 பிக்சல்கள் இருப்பதால், விலக்க வர்க்கச் சராசரியின் துல்லியம் சுமார் 0.7 விழுக்காடாக இருக்கும். இரண்டு படங்களுக்கிடையே விளக்கு சற்று மங்கினாலும் அஞ்ச வேண்டியதில்லை. திட்டவிலக்கத்தைக் கணக்கிடும்போதே சராசரி கழிக்கப்பட்டுவிடுகிறது. இதன் வர்க்கத்தை இரண்டால் வகுக்கவும். கழித்த படத்தில் இரண்டு படங்களின் இரைச்சலும் சேர்ந்திருப்பதே அதற்குக் காரணம்.

ஐந்தாம் படி: கோடு வரைதல்

விரிதாளில் கிடையச்சில், கழிக்குமுன் உள்ள படங்களில் அதே சதுரத்தின் ஆஃப்செட் நீக்கிய சராசரியையும், செங்குத்து அச்சில் மேற்கண்ட விலக்க வர்க்கச் சராசரியையும் இட்டு நேர்கோடு பொருத்தவும். சாய்வின் தலைகீழ்தான் மாற்றுக்காரணி. எண்களின் போக்கு விளங்குவதற்காக ஒரு கணக்கு: சராசரி 2000, கழித்த படத்தின் திட்டவிலக்கம் 93.4 என்று கொள்வோம். அதன் வர்க்கம் 8724, பாதி 4362, இருட்டுப் படங்களை இதேபோல் கழித்துப் பெறும் விலக்க வர்க்கச் சராசரியான 12-ஐக் கழித்தால் 4350. 2000-ஐ 4350-ஆல் வகுத்தால் 0.46. ஹமாமட்சு நிறுவனத்தின் ஓர்கா-ஃப்ளாஷ் 4.0 கேமராவின் விவரத்தாளில் காணப்படுவதும் இந்த 0.46-தான்.

இருட்டுப் படங்களையும் இதேபோல் கழித்து, திட்டவிலக்கம் 4.92 என்று வந்தால், இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்து 3.48 என்றும், 0.46-ஆல் பெருக்கி 1.6 எலக்ட்ரான் என்றும் பெறலாம். இது வாசிப்பு இரைச்சல், அதாவது ஒளியே இல்லாதபோதும் கேமராவின் மின்சுற்று சேர்க்கும் இரைச்சல்.

வரைபடம் மேல்முனையில் திடீரென்று கீழே விழுந்தால் கேமரா நிறைவடைந்துவிட்டது என்று பொருள், அப்புள்ளிகளை விட்டுவிடுங்கள். சில எஸ்சிமாஸ் கேமராக்கள் மங்கலான ஒளிக்கு ஒன்றும் பிரகாசமான ஒளிக்கு ஒன்றுமாக இரண்டு பெருக்கிகளின் விடையை இணைத்து 16 பிட் தருகின்றன. அவற்றில் இடையில் ஒரு சிறு முறிவு தெரியலாம். உங்கள் செல்கள் எந்தப் பகுதியில் விழுகின்றனவோ அந்தப் பகுதிக்கு மட்டும் கோடு பொருத்துங்கள்.

இதை வைத்து என்ன செய்வது

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை காணலாம். பழைய கேமராவில் 800 கழித்தல் 100 என்பது 700, 0.46-ஆல் பெருக்கினால் 322 எலக்ட்ரான். புதியதன் ஆஃப்செட்டும் 100, மாற்றுக்காரணி 0.14 என்று அளவீட்டில் வந்தால், 2300 பெருக்கல் 0.14 என்பதும் அதே 322. பணம் கொடுத்து வாங்கியது பெரிய எண்ணை மட்டுமே என்றாகும்.

எலக்ட்ரான் கூடுதலாக வந்தாலும் பிக்சலின் பரப்பைப் பார்க்காமல் மகிழ வேண்டாம். 6.5 மைக்ரோமீட்டர் பிக்சலோடு ஒப்பிட்டால் 11 மைக்ரோமீட்டர் பிக்சலின் பரப்பு 2.86 மடங்கு, ஒரே உருப்பெருக்கத்தில் அது செல்லின் அவ்வளவு பெரிய பரப்பிலிருந்து ஒளியைச் சேர்க்கிறது. எனவே ஒப்பீடு எப்போதும் மாதிரியின் ஒரே பரப்புக்கு இத்தனை எலக்ட்ரான் என்றே இருக்க வேண்டும். அப்படி ஒப்பிட்டால் இரு கேமராக்களின் குவாண்டம் திறன்களின் (விழும் ஃபோட்டான்களில் எலக்ட்ரானாக மாறும் பங்குகளின்) விகிதம் கிடைக்கும். தனியொரு கேமராவின் குவாண்டம் திறனை இம்முறையால் பெற முடியாது. அதற்கு அளவிடப்பட்ட ஒளிமூலம் வேண்டும்.

ஒரு பிக்சலில் 184 எலக்ட்ரான் சமிக்ஞை, வாசிப்பு இரைச்சல் 1.6 என்றால் மொத்த இரைச்சல் 13.7, அதாவது 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இரண்டு செல்களுக்கிடையே 5 விழுக்காடு வேறுபாட்டை ஒற்றைப் பிக்சலில் தேடுவது வீண் என்பதும், பல பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும் என்பதும் படமெடுக்குமுன்பே தெரிந்துவிடும். இந்த அளவு ஒளியில் வாசிப்பு இரைச்சலை 1.6-இலிருந்து 0.7 ஆகக் குறைத்தாலும் மொத்தத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. சில எலக்ட்ரான்கள் மட்டுமே வரும் மாதிரிகளில்தான் அது கைகொடுக்கும்.

பின்சேர்க்கை: கருத்துரைகளில் வந்தவை

தம் கேமராவின் விவரத்தாளில் 0.46 என்றிருக்க, தமக்கு 1.35 வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். 0.46-ஐ 0.34-ஆல் வகுத்துப் பாருங்கள். நான்காம் படியில் சொன்ன '32-பிட்' கட்டத்தில் குறியிடாததுதான் காரணம்.

இஎம்சிசிடி (எலக்ட்ரான்களைச் சென்சாரிலேயே பெருக்கும் சிசிடி) வைத்திருப்போருக்கு: எலக்ட்ரான் பெருக்கம் இயங்கும்போது பெருக்கமே ஓர் இரைச்சலைச் சேர்ப்பதால், விலக்க வர்க்கச் சராசரி இரட்டிப்பாகிறது. கிடைத்த மாற்றுக்காரணியை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கான்ஃபோக்கலில் (லேசரால் புள்ளி புள்ளியாக வருடும் நுண்ணோக்கியில்) இதைச் செய்யலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். செய்யலாம், ஆனால் ஒளிப்பெருக்கிக் குழாயிலும் பெருக்க இரைச்சல் உண்டு என்பதால் கிடைப்பது எலக்ட்ரான் எண்ணிக்கைக்கு அண்மையான ஒரு மதிப்பே. வரிச் சராசரியை (ஒரே வரியைப் பலமுறை வருடிச் சராசரி எடுப்பதை) அணைத்துவிட்டு அளக்கவும். அங்கே ஆஃப்செட் நம் கையில் இருப்பதால், பின்புலம் கருமையாகத் தெரிய வேண்டும் என்று அதைக் கீழே இறக்கிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. பூச்சியமாக வெட்டுப்பட்ட பிக்சல்களை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. லேசரை அணைத்த நிலையில் ஒரு பிக்சல்கூடப் பூச்சியத்தைத் தொடாதபடி ஆஃப்செட்டை வையுங்கள். ஒளிப்பெருக்கிக் குழாயின் மின்னழுத்தத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் மாற்றுக்காரணியும் மாறும். கேமராவில் வாசிப்பு வேகத்தையோ பிட் ஆழத்தையோ மாற்றினாலும் அவ்வாறே. ஆகவே மதிப்பைக் குறித்துவைக்கும்போது அது எந்த அமைப்பில் அளக்கப்பட்டது என்பதையும் அதே வரியில் எழுதிவையுங்கள்.