பிள்ளையோடு பாறை ஏறப் போகிறீர்களா? முதலில் ஆள் கணக்கைப் பாருங்கள்

பெங்களூருக்கு அருகே ராமநகராவில் ஒரு டிசம்பர் காலை. கயிற்றை மாட்டுவதற்காகப் பாறையில் பதித்திருக்கும் மூன்றாவது போல்ட்டைத் தாண்டிக் கணவர் ஏறிக்கொண்டிருந்தார். கீழே கயிற்றைப் பிடித்திருந்தது நான். எங்கள் மூன்றரை வயது மகன் எனக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து கலர் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தான். மேலே கணவருக்குக் கால் வைக்கச் சரியான இடம் கிடைக்கவில்லை. அவர் தடுமாறியதால் நான் அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அவர் நிலைப்பட்ட பிறகு திரும்பிப் பார்த்தால் பாய் காலியாகக் கிடந்தது.

கயிற்றை விட்டுவிட்டு ஓட முடியாது, மறுமுனையில் அவர் தொங்குகிறார். நின்ற இடத்திலிருந்தே மகன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்துப் பாறையில் ஏறிக்கொண்டிருந்த குழுவிலிருந்து ஒரு பையன், "அக்கா, இங்கதான் இருக்கான், நான் பிடிச்சுக்கிட்டேன்!" என்று குரல் கொடுத்தான். அவர்கள் ஏறிக்கொண்டிருந்த பாதைக்கு நேர் கீழே குந்தி உட்கார்ந்து, பாறை இடுக்கில் குச்சியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தானாம்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளையை நாங்கள் தனியாக விட்டதாக இருவருமே நினைக்கவில்லை. அப்பா அம்மா இரண்டு பேருமே அங்கேதானே இருந்தோம்! பாறையேற்றத்துக்குப் புதிதாக வருகிற இளம் பெற்றோர் பலரும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். அதனால் நாங்கள் இப்போது கடைப்பிடிக்கிற முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஆட்களை எண்ணுங்கள்

கயிற்றோடு ஏறும்போது ஒருவர் மேலே போவார், இன்னொருவர் கீழே நின்று கயிற்றைக் கட்டுப்படுத்துவார். இதற்குப் பெயர் பிலே. ஏறுபவர் தவறி விழுந்தால் அவரைத் தாங்குவது கீழே இருப்பவரின் கைதான். கயிற்றின் பிரேக் பக்கத்தைப் பிடித்த கையை ஒரு நொடிகூட எடுக்கக் கூடாது என்பதுதான் இந்த விளையாட்டில் முதல் நாளே சொல்லித்தருகிற விதி. "என்னிடம் கிரிகிரி என்ற பிலே கருவி இருக்கிறது, அது தானாகவே கயிற்றைப் பூட்டிக்கொள்ளுமே" என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கருவி பிடிக்க உதவும், அவ்வளவுதான். அதைத் தயாரிப்பவர்களே கையை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகவே பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் கணக்கில் ஏறுபவர் வர மாட்டார், பிலே செய்பவரும் வர மாட்டார். அப்பாவும் அம்மாவும் மட்டும் போய், ஒருவர் ஏறி ஒருவர் கயிறு பிடித்தால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இருப்பவர்கள் பூஜ்யம். பிள்ளை மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரு பிள்ளை இருந்தால் பெரியவர்கள் குறைந்தது மூன்று பேர் வேண்டும். நாங்கள் இப்போது இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போகிறோம்: பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு. ஒரு நேரத்தில் ஒரு கயிறு மட்டுமே ஓடும், மற்ற இருவரும் பிள்ளைகளோடு இருப்பார்கள். ஒரு நாளில் ஏறக் கிடைக்கிற பாதைகள் பாதியாகக் குறைந்துவிடும், உண்மைதான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதை ஏற்றுக்கொண்டுவிட்டால் அங்கே போய் மனம் அலைபாயாது.

எட்டு வயது அக்காவைத் தம்பிக்குக் காவல் வைப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவளும் ஒரு பிள்ளைதான். தேனீக்கள் கலைந்து வந்தால் அவள் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்?

இரண்டாம் படி: இடத்தைப் பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள்

பெரியவர்கள் பாறையைப் பார்த்துத்தான் இடம் தேர்கிறோம். பிள்ளை இருந்தால் பாறையின் அடிவாரத்தைப் பார்த்துத் தேர வேண்டும். தரை சமமாக இருக்கிறதா, அந்தத் தரை எங்கே முடிகிறது, முடிகிற இடத்தில் சரிவா பள்ளமா என்று போனதும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஹம்பியில் போல்டரிங்குக்கு, அதாவது தாழ்வான பாறைகளில் கயிறில்லாமல் ஏறுவதற்கு, ஆசைப்பட்டுப் பலர் போகிறார்கள். அங்கே உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஆழமான இடுக்குகள் உண்டு. பெரியவர் எட்டிக் கடந்துவிடுகிற இடைவெளியில் மூன்று வயதுப் பிள்ளை முழுதாக இறங்கிவிடும். பாதாமியின் சிவப்பு மணற்கல் சுவர்களுக்குக் கீழே உட்கார வசதி இருந்தாலும் குரங்குத் தொல்லை அதிகம். பிள்ளை கையில் பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்தால் அடுத்த நிமிடம் குரங்கு அவன்மேல் பாயும்.

பாரிஸுக்குத் தெற்கே ஃபான்டன்ப்ளோ காட்டில் சிறுவர்களுக்கென்றே வெள்ளை நிறத்தில் குறியிட்ட தாழ்வான தடங்கள் இருக்கின்றன. பல இடங்களில் அடியில் மணல்தான். அந்த மாதிரி இடத்தை இங்கே நாமே பார்த்துத் தேட வேண்டியிருக்கிறது. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிறில்லாமல் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாலும் தகும்.

ராமநகராவின் கருங்கல் பாறைகளில் என்னை அதிகம் பயமுறுத்துவது மலைத்தேனீதான். பாறை முன்னே துருத்திக்கொண்டிருக்கும் இடங்களுக்கு அடியில் கறுப்பாக, பெரிய முறம் போலக் கூடு தொங்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பிள்ளையோடு அங்கே நிற்கவே வேண்டாம், வேறு பாறைக்குப் போய்விடுங்கள். கல் இடுக்குகளில் தேளும் சுருட்டை விரியனும் இருக்கலாம் என்பதால் பிள்ளைக்கு மூடிய ஷூ போடுங்கள். இடுக்கில் கை விடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். அங்கே போன் சிக்னல் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். 108-ஐ அழைக்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வனத்துறை அனுமதி தேவைப்படும் குன்றுகளும் உண்டு, அதை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பாயை எங்கே விரிப்பது

பாறைக்கு நேர் கீழே விரிக்கவே கூடாது. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற கல் தரைக்கு வர இரண்டு நொடிதான் ஆகும். வந்து சேரும்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். ஏறுபவர் "கல்!" என்று கத்தினால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். பிள்ளை சத்தம் வந்த பக்கம் முகத்தைத் தூக்கிப் பார்க்கும். கல் மட்டுமில்லை, கயிறு மாட்டும் உலோகக் கொக்கியான கராபினரும் தண்ணீர் பாட்டிலும்கூட விழும்.

ஏறும் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி, பின்னாலும் தள்ளி உட்காருங்கள். விழுகிற கல் வழியில் ஒரு திட்டில் பட்டால் எந்தப் பக்கமும் தெறிக்கும். அதனால் பாறையின் உயரத்தில் பாதி தூரமாவது தள்ளி இருப்பது எங்கள் வழக்கம். 30 மீட்டர் பாறை என்றால் குறைந்தது 15 மீட்டர். அங்கே மரநிழல் இருந்தால் நல்லது. ஆனால் நிழல் நகரும், பதினோரு மணிக்குள் பாயையும் நகர்த்த வேண்டியிருக்கும்.

பிறகு எல்லை. பழைய கயிறு ஒன்றைத் தரையில் வட்டமாகப் போட்டு, "இதுதான் உன் வீடு, வெளியே வரணும்னா என் கையைப் பிடிச்சுக்கணும்" என்று பழக்கினோம். நாலு முறை போய் வந்தபின் அவனே மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்கிறான். இருந்தாலும் கயிற்று வட்டம் வேலி ஆகாது. அந்தக் கோடு பார்த்துக்கொள்பவருக்கு ஓர் அடையாளம்தான்: பிள்ளையின் கால் அதைத் தாண்டினால் அவர் எழுந்துவிட வேண்டும்.

ஹெல்மெட் விஷயம். சைக்கிள் ஹெல்மெட் போதாது. பாறையேற்ற ஹெல்மெட்டை மேலிருந்து விழும் பொருளைத் தாங்குமா என்றும் சோதிக்கிறார்கள். உள்ளே இஎன் 12492 (EN 12492) என்ற ஐரோப்பியத் தர எண்ணை அச்சிட்டிருக்கும். பிள்ளையின் தலைக்குப் பொருந்தும் அளவில் வாங்குங்கள். அந்த ஹெல்மெட்டோடு மரக்கிளைகளில் ஏறி விளையாட விடாதீர்கள். தாடைப் பட்டை எளிதில் கழலாதபடி செய்யப்பட்டது. கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

நான்காம் படி: கைமாற்றிக் கொடுக்கும்போது பேசுங்கள்

இதற்குக் காசு செலவில்லை. ஆனால் எங்களுக்கு உண்மையில் உதவியது இதுதான்.

வயல் வேலைக்குப் போகிற பெண்கள் மரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுப் போவதை ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் தூளி பக்கத்தில் எப்போதும் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாள். நாற்று நடவோ களை பறிக்கவோ அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவள் வேலையே அதுதான். பாறையடியில் அந்தப் பாட்டி யார் என்று நாங்கள் யாருமே கேட்டுக்கொள்வதில்லை. நாலு பேர் இருந்தால் நாலு பேருமே "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று இருந்துவிடுகிறோம்.

ஏறுவதற்கு முன் கயிற்று முடிச்சையும், உடலில் மாட்டும் பட்டையான ஹார்னஸையும் இருவரும் சரிபார்க்கிறோம் இல்லையா, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிலே செய்யப் போகிறவர் கேட்க வேண்டும்: "பிள்ளை யார்கிட்ட?" பார்த்துக்கொள்பவர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும்: "என்கிட்ட." தலையாட்டினால் போதாது. அந்தப் பதில் வராமல் ஏறுபவரின் கால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. பார்த்துக்கொள்பவர் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால்கூட, கயிற்றில் இருப்பவர் இறங்கும்வரை காத்திருக்கிறார், அல்லது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறார்.

அந்த நேரத்தில் அவர் போட்டோ எடுப்பதில்லை. "இடது கால் பக்கத்துல ஒரு பிடி இருக்கு பாரு" என்று மேலே இருப்பவருக்கு வழியும் சொல்வதில்லை. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். அலுப்புத் தட்டினால் கண் தானாகவே பாறைப் பக்கம் போய்விடும், எனக்கே அது நடந்திருக்கிறது.

செய்யவே கூடாதவை மூன்று. முதலாவது, குழந்தையை முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொண்டு பிலே செய்வது. ஏறுபவர் விழும் வேகத்தில் கீழே நிற்பவர் சுவரை நோக்கி இழுக்கப்படுவார், கால் தரையை விட்டே எழும்பிவிடும். இரண்டாவது, பிள்ளைக்கு ஹார்னஸ் மாட்டி மரத்தில் கட்டிப்போடுவது. கயிறு கழுத்தில் சுற்றலாம். தேனீ வந்தால் ஓடவும் முடியாது. மூன்றாவது, போனில் வீடியோ போட்டுக் கொடுத்து, அவன் உட்கார்ந்துவிட்டான் என்று நம்பிப் போய்விடுவது. பேட்டரி தீரும்.

ஐந்தாம் படி: கயிற்றில் இருக்கும்போதே பிள்ளை காணாமல் போனால்

இதை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை விடாதீர்கள். பிள்ளையின் பெயர், வயது, சட்டை நிறம் மூன்றையும் உரக்கச் சொல்லி மற்றக் குழுக்களின் உதவியைக் கேளுங்கள். அதற்காகவே நாங்கள் மகனுக்கு ஆரஞ்சு நிறச் சட்டை போடுகிறோம். மேலே இருப்பவரிடம் "பிள்ளையைக் காணோம், இறக்கப் போறேன்" என்று சொல்லுங்கள். அவர் பக்கத்து போல்ட்டில் கயிற்றை மாட்டி, கயிற்றில் எடையைப் போட்டு உட்காரட்டும். பிறகு சீராக இறக்குங்கள். 15 மீட்டரிலிருந்து இறக்க அரை நிமிடம் போதும். பதற்றத்தில் வேகமாக இறக்கினால் இரண்டாவது விபத்தும் சேர்ந்துகொள்ளும். போல்ட்டில் விட்டு வந்த கராபினரை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், போனாலும் போகட்டும்.

இரண்டு பேர் மட்டும்தான் என்றால்?

கயிறு வேண்டாம். தாழ்வான பாறைகளில் போல்டரிங் செய்யுங்கள்: ஒருவர் ஏறட்டும், மற்றவர் பிள்ளையோடு இருக்கட்டும். கீழே நின்று தாங்கிப் பிடிக்க ஆள் இருக்காது என்பதால், குதித்து இறங்கக்கூடிய உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெங்களூரில் துரஹள்ளிக்கு நாங்கள் இப்படித்தான் போகிறோம். ஏறுபவருக்குக் கீழே கிடக்கிற மெத்தை பிள்ளைக்கு விளையாட்டுத் திடலாகத் தெரியும்; அதில் அவனை ஒருபோதும் ஏற விடாதீர்கள். மூன்று மீட்டரிலிருந்து விழுகிற பெரியவர் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இறங்குகிறார். உள்ளரங்கச் சுவர்களிலும் இதே ஆபத்துதான், அங்கே தரை முழுக்க மெத்தை என்பதால் பிள்ளைகள் இன்னும் உற்சாகமாக ஓடுவார்கள்.

பிள்ளையும் ஏற ஆசைப்பட்டால் தாராளமாக ஏறட்டும், மேலிருந்து கட்டிய கயிற்றில். சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு ஒடுக்கம், தலை கனம். இடுப்பு ஹார்னஸ் மட்டும் போட்டால் தலைகீழாகப் புரண்டுவிட வாய்ப்புண்டு. மார்பையும் சேர்த்துப் பிடிக்கிற முழு உடல் ஹார்னஸ் வாங்குங்கள்.

வேறொருவர் பிள்ளை தனியாகத் திரிவதைப் பார்த்தால், முதலில் பிள்ளையைக் கல்லோ ஆளோ விழக்கூடிய இடத்திலிருந்து வெளியே கூட்டி வாருங்கள். பெற்றோர் கயிற்றில் இருந்தால் "உங்க பையன் என்கிட்ட இருக்கான், நிதானமா வாங்க" என்ற ஒரு வரி போதும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவர்கள் இறங்கிய பிறகு, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அன்று அந்தப் பையன் என்னிடம் அப்படித்தான் பேசினான். தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவை எங்களைக் கூப்பிடுங்க அக்கா, ஒருத்தர் உட்கார்ந்து பார்த்துக்கறோம்" என்றான். எங்களோடு இப்போது வருகிற குடும்பம் அவனுடையதுதான்.

இன்னும் ஒரு விஷயம், மூட்டை கட்டுகிற நேரம். எல்லாரும் இறங்கியாயிற்று என்ற நிம்மதியில் கயிறு சுற்றுவதும் சாமான் எண்ணுவதுமாக இருப்போம். ராமநகராவில் சிறுத்தையும் கரடியும் நடமாடுகிற இடங்கள் உண்டு, அதனால் இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் அப்போதும் பையைத் தொடுவதில்லை. கார் கதவைச் சாத்தும்வரை அவர் கையில் பிள்ளையின் கை இருக்கும்.