எச்ஐடி கிட் மாட்டும் முன்: ஹெட்லைட்டில் நாம் செய்யும் தவறுகள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரவு நெடுஞ்சாலையில் ஒருமுறை போய் வந்ததும் முதலில் சொல்வது, “லைட்டே பத்தல” என்பதுதான். நானும் சொன்னேன். பத்து வருடப் பழைய சின்ன கார், எச்4 ஹாலஜன் பல்ப். உதிரிபாகக் கடை ஒன்றில் 35 வாட் எச்ஐடி கிட் வாங்கினேன். இழைக்குப் பதில் மின்வில் எரியும் பல்பும், அதற்கு மின்சாரம் தரும் பேலஸ்ட் என்ற பெட்டியும் சேர்ந்ததுதான் இந்த கிட். அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு தெரு முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது, மனசுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது நாள் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், எதிரே வந்த வண்டியெல்லாம் டிம் பண்ணச் சொல்லி லைட் அடித்தது. நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். செஞ்சி தாண்டி ஓரமாக நிறுத்தி, லைட்டை எரியவிட்டு, ஐம்பது அடி முன்னால் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். என் கார் தெரியவில்லை. சாலையின் ஓரம் எது என்று தெரியவில்லை. காருக்குப் பக்கத்திலேயே நின்ற புளியமரம்கூடத் தெரியவில்லை. அந்தச் சாலையில் விளக்கே இல்லாத சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் உண்டு, மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. எதிரே வரும் லாரிக்காரர் கண்ணிலிருந்து அவர்களையெல்லாம் மூன்று நாளாக நான் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வாரமே கிட்டைக் கழற்றினேன். எங்கே தப்பு நடந்தது என்று படித்தும், வண்டி எலக்ட்ரீஷியன் நண்பரோடு உட்கார்ந்து கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பெரிய தவறு: பல்பை மட்டும் மாற்றுவது

மற்ற தவறுகளெல்லாம் இதற்குப் பிறகுதான். கிட் விற்பவர் இதைப் பல்ப் மாற்றுகிற வேலை மாதிரிதான் சொல்வார். பழையதைக் கழற்று, புதியதைச் செருகு, பேலஸ்ட்டை எங்காவது கட்டு, முடிந்தது. ஆனால் பல்பின் வேலை வெளிச்சம் தருவதோடு சரி. அந்த வெளிச்சம் சாலையில் எங்கே விழ வேண்டும், எதிரே வருபவர் கண்ணுக்கு எந்த உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதை ரிஃப்ளெக்டர்தான், அதாவது பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணம்தான், தீர்மானிக்கிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் குறிப்பிட்ட பல்பின் இழை எங்கே இருக்கும், எவ்வளவு நீளம் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது.

ஒரு எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும், பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்குக் கீழே சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு தெரியும். அந்தத் தகடுதான் எல்லாம். இழையிலிருந்து கீழ்ப்பக்கம் போகும் ஒளியை அது தடுத்துவிடுகிறது. அதனால் ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டும் வேலை செய்து ஒளியைச் சாலைக்கு இறக்குகிறது. தகட்டின் ஒரு ஓரம் 15 டிகிரி சாய்வாக இருக்கும். நம்முடைய டிம் லைட் இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலேறி, நடந்து போகிறவர்களையும் பெயர்ப் பலகையையும் காட்டுவது இந்தச் சாய்வால்தான். இவ்வளவு வேலையைச் சாதாரண பல்புக்குள் இருக்கும் விரல் நகம் அளவுத் தகடு செய்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

எச்ஐடி பல்புக்குள் இழையே கிடையாது. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு மின்முனைகள், நடுவே சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் மின்வில் எரிகிறது. அந்த வில் இழை மாதிரி நேர்க்கோடாக இருக்காது, மேல்நோக்கி வளைந்து, சுற்றிலும் மங்கலான ஒளிப்படலத்தோடு இருக்கும். பக்கத்திலேயே மின்சாரம் திரும்பும் கம்பி ஒன்று ஓடி நிழல் போடும். இழைக்கென்று கணக்கிட்ட ரிஃப்ளெக்டரில் இதைச் செருகினால் ஒளி கண்டபடி சிதறும். மில்லிமீட்டர் கணக்கில் இடம் மாறினாலே டிம் லைட்டின் மேல் எல்லை கலைந்துவிடும். எச்4 என்று விற்கிற கிட்களில் பல்ப் முன்னும் பின்னும் நகர்ந்து பிரைட், டிம் மாறுவதற்குக் காந்த ஏற்பாடு இருக்கும், தகடு மாதிரி ஒரு மறைப்பும் இருக்கும். ஆனால் மூலப் பல்பின் துல்லியம் அதில் வராது.

அளவையும் பாருங்கள். ஒளியின் அளவை லூமென் என்று சொல்வார்கள். எச்4 டிம் இழை தருவது சுமார் 1000 லூமென். 35 வாட் எச்ஐடி தருவது சுமார் 3200 லூமென். ஆக, மூன்று மடங்கு ஒளியை எடுத்து, கட்டுப்பாடில்லாமல் எதிரே வருபவர் முகத்தில் கொட்டுகிறோம்.

நமக்கும் இதில் நஷ்டம் உண்டு, மாட்டும்போது இதை யாரும் சொல்வதில்லை. சிதறும் ஒளியில் நிறைய வண்டிக்கு முன்னால் பத்து, பதினைந்து மீட்டருக்குள்ளேயே விழுகிறது. பக்கத்துச் சாலை பளிச்சென்று தெரிவதால் நல்ல வெளிச்சம் என்று தோன்றும். அந்தப் பிரகாசத்துக்குக் கண்ணின் பாவை சுருங்கும். அப்புறம் எண்பது மீட்டர் தூரத்தில் சாலையைக் கடக்கும் ஆள் முன்பைவிட மங்கலாகத்தான் தெரிவார். நெடுஞ்சாலை வேகத்தில் நமக்கு வேண்டியது அந்த எண்பது மீட்டர்.

ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கூசாது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. கூச்சம் ரிஃப்ளெக்டர் முழுவதிலிருந்தும் வருகிறது, நடுவில் ஒட்டும் வட்டம் அதைப் பெரிதாகக் குறைக்காது.

‘அப்படியானால் கம்பெனியே எச்ஐடி வைத்த கார்கள் வருகின்றனவே’ என்று கேட்கலாம். 1991-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்ததிலிருந்து எத்தனையோ கார்களில் இருக்கிறது. அவை முழு விளக்கையே அந்த மின்வில்லுக்காக வடிவமைத்தவை. 2000 லூமெனைத் தாண்டும் டிம் விளக்கு என்றால், சுமைக்கேற்ப உயரத்தைத் தானே சரிசெய்யும் வசதியும் விளக்குக் கண்ணாடியைக் கழுவும் வசதியும் வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி வைத்தார்கள். பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், கண்ணாடியில் தூசி படிந்தால் ஒளி சிதறும். இவ்வளவு ஒளிக்கு அந்த இரண்டுமே ஆபத்து. கிட் டப்பாவில் இதில் எதுவும் இருக்காது.

ஹாலஜன் ஹோல்டரில் செருகும் எல்இடி பல்புக்கும் முக்கால்வாசி இதே கதைதான்.

ப்ரொஜெக்டர் வைத்தால் சரியாகிவிடுமா?

எச்ஐடிதான் வேண்டும் என்றால் ஒழுங்கான வழி, எச்ஐடிக்கென்றே செய்த ப்ரொஜெக்டரை, அதாவது லென்ஸ் வைத்த விளக்கு அமைப்பை, ஹெட்லைட்டுக்குள் பொருத்துவது. லென்ஸுக்குப் பின்னால் ஒரு தகடு ஒளியைக் கத்தியால் வெட்டின மாதிரி நறுக்கிவிடும். ஹெட்லைட்டைச் சூடாக்கிப் பிரித்து, உள்ளே நேராகப் பொருத்தி, மறுபடி தண்ணீர் புகாமல் ஒட்ட வேண்டும். பொறுமையான கை வேண்டிய வேலை இது.

இங்கே ஒரு மோசமான தவறு நடக்கிறது. வெளிநாட்டுக் கார்களிலிருந்து கழற்றிய ப்ரொஜெக்டர்கள் சந்தைக்கு வருகின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வண்டி வலதுபக்கம் ஓடுகிறது. அங்கே டிம் லைட் வலது ஓரத்தில் மேலேறும். அதைக் கொண்டுவந்து நம் வண்டியில் வைத்தால், மேலேறும் பகுதி சரியாக எதிரே வருபவர் முகத்துக்குப் போகும். சுவரில் அடித்துப் பாருங்கள், வெளிச்சத்தின் மேல்கோடு இடதுபக்கம் உயர வேண்டும். வலதுபக்கம் உயர்ந்தால் அந்தப் ப்ரொஜெக்டர் நமக்கு ஆகாது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

கெல்வினும் வாட்டும்

8000 கெல்வின், 10000 கெல்வின் என்றால் ஏதோ பவர் அதிகம் என்று நினைத்து வாங்குகிறார்கள். கெல்வின் நிறத்தைச் சொல்கிறது. கம்பெனி எச்ஐடிகள் பெரும்பாலும் 4300 கெல்வினைச் சுற்றியே இருக்கும், லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. அதற்கு மேலே போகப் போக நீலம் ஏறும், கண்ணுக்குப் பயன்படும் ஒளி குறையும், கூச்சம் கூடும். மழையில் நனைந்த கறுப்புத் தார்ச்சாலையில் நீல ஒளியை வைத்துக்கொண்டு குழியைத் தேடுவது பெரும் பாடு.

55 வாட் கிட் வேண்டவே வேண்டாம். ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு சூட்டில் கருகலாம், கூச்சமும் அதற்குத் தகுந்தபடி ஏறும். மட்டமான பல்புகளில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வெளிக்குழாய் சரியாக இருக்காது, ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் உள்ளிருந்தே மஞ்சளிக்கும்.

வயரிங்கில் நடப்பவை

டியூப்லைட்டுக்குச் சோக் மாதிரி எச்ஐடிக்குப் பேலஸ்ட். ஆனால் இது எரிய ஆரம்பிக்கும் கணத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் தள்ளும். ஆகவே லைட் எரியும்போது இணைப்பைத் தொடவே கூடாது. வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். பேலஸ்ட்டிலிருந்து பல்புக்குப் போகும் தடித்த வயரை நீளம் போதவில்லை என்று வெட்டி ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடவும் கூடாது, கை எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெடிக்கும்.

எரியத் தொடங்கும் சில நொடிகள் பேலஸ்ட் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் இழுக்கும். பழைய ஹெட்லைட் வயரிலிருந்தே அதை எடுத்தால் சுவிட்ச் கருகும், ஹோல்டர் உருகும். பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வைத்து, ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாக எடுக்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வயரின் மறுமுனையில் வைத்து என்ன பயன்? ஜப்பானிய வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட் சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தில் இருக்கும். ரிலே வயரிங் அதற்குப் பொருந்துமா என்று கேட்டே வாங்குங்கள்.

பேலஸ்ட்டை பம்பருக்குள் தண்ணீர் தேங்கும் இடத்திலும், ரேடியேட்டர் காற்று அடிக்கும் இடத்திலும் வைக்காதீர்கள். வயர் போக ஹெட்லைட்டின் பின்மூடியில் ஓட்டை போட்டுவிட்டு ரப்பர் வைக்காமல் விட்டால், ஐப்பசி மழைக்கு உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

பைக்குகளுக்கு ஒரு வார்த்தை. பழைய சின்ன பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு வருவது மேக்னட்டோவின் (என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) ஏசி மின்சாரம், பேலஸ்ட்டுக்கு வேண்டியது டிசி. அப்படியே இணைத்தால் மினுக்கும், கொஞ்ச நாளில் போய்விடும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் மாற்றி எழுதிய 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. வயரை வெட்டினால் வாரண்டிக்கும் சிக்கல், விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போதும் கேள்வி வரும்.

கிட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

லைட் பத்தவில்லை என்பது உண்மைதான். ஆனால் காரணம் பல்பாக இருக்க வேண்டியதில்லை. என் காரில் காரணங்கள் மூன்று இருந்தன.

ஒன்று, மஞ்சளித்துப்போன ஹெட்லைட் பிளாஸ்டிக். உப்புத்தாள் போட்டுப் பாலிஷ் செய்தால் தெளியும். ஆனால் மேலே புற ஊதாப் பூச்சு திரும்ப அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

இரண்டு, வயரில் வோல்டேஜ் இறங்குவது. ஹாலஜன் பல்புக்குக் கொஞ்சம் வோல்டேஜ் குறைந்தாலும் வெளிச்சம் நிறைய குறையும். 13.2 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 12 வோல்ட் கிடைத்தால் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வெளிச்சம் போய்விடும். லைட் எரியும்போது பல்ப் ஹோல்டரில் மீட்டர் வைத்துப் பாருங்கள். எனக்கு 11.7 காட்டியது. நல்ல ரிலே வயரிங் போட்டு, அதே 60/55 வாட் புது பல்பை மாட்டியதும் வந்த வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

மூன்று, லைட்டின் உயரம். டயரில் காற்று சரிபார்த்து, ஓட்டுநர் இடத்தில் ஒருவரை உட்காரவைத்து, டேஷ்போர்டில் உயரம் மாற்றும் திருகு இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிம் போட்டு, ஹெட்லைட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். பொதுவாகச் சுவரில் வெளிச்சத்தின் மேல்கோடு அதைவிட 10 செண்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும், உங்கள் வண்டிக்கான அளவு பல வண்டிகளில் ஹெட்லைட் அருகிலேயே சதவீதமாக அச்சிட்டிருக்கும். என் காரில் ஒருபக்கக் கோடு வண்டிக்கு நாலு மீட்டர் முன்னாலேயே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகை ஸ்க்ரூடிரைவரால் சில சுற்று திருப்பியதில் அது சரியானது.