மோட்டார்ஹோம் படுக்கையறை வெக்கை குறைந்த விதம்

எங்கள் மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஏசி ஓடினாலும் பின்னால் இருக்கும் படுக்கையறை மட்டும் வெந்துகொண்டிருக்கும். கையை வைத்துப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே உள்ள கூரை ஜன்னல்தான் அனலாகக் கொதித்தது. உள்ளே திரை போட்டால் போதாது, ஜன்னலைத் தாண்டி வந்த சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் வெளிப்பக்கம் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளி விரிப்பைக் கட்டினேன். வெக்கை நன்றாகவே அடங்கியது. வண்டியை எடுக்கும் முன் கழற்றிவிட வேண்டும், இது முக்கியம்.

அப்புறம் பக்கத்திலிருந்த 14 அங்குலக் கூரைத் திறப்பில் 12 வோல்ட் விசிறியை, காற்றை வெளியே தள்ளும்படி மாட்டினேன். இரவில் தலைமாட்டு ஜன்னலை மட்டும் திறக்கிறேன். எல்லாவற்றையும் திறந்தால் காற்று பிரிந்துபோய் கட்டில் பக்கம் குறைவாகத்தான் வரும். ஏசி ஓடும்போது விசிறி வேண்டாம், குளிர்ந்த காற்றையும் சேர்த்து இழுத்துவிடும்.