வயர் கட்டிங் முடிந்த டூல் ஸ்டீலைச் சுத்தம் செய்வது எப்படி?
மின்பொறியால் வெட்டும் வயர் மெஷினின் தண்ணீர் டேங்கிலிருந்து எடுத்த பாகத்தை ஈரத்தோடு மேஜையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். டூல் ஸ்டீல் வகைகளில் டி2 கொஞ்சம் தாங்கும். குரோமியம் குறைந்த ஓ1 சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

முதலில் சுத்தமான தண்ணீரில் அலசி, வெட்டுப் பள்ளம், வயர் நுழைக்கும் ஸ்டார்ட் ஹோல், மரைத் துளைகளில் ஏர் கன்னால் ஊதுங்கள். வெட்டும்போது படிந்த கறுப்புச் சேறு காய்ந்துவிட்டால் பிரஷ்ஷுக்கு அசையாது. பிறகு காரம் கலந்த கிளீனரை 50–60 டிகிரிக்குச் சூடாக்கி, அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும்) தொட்டியில் பாகத்தை 5–10 நிமிடம் போடுங்கள்.

அதற்குப் பிறகும் வெட்டிய முகத்தில் மஞ்சள் படலம் தெரிந்தால், அது பித்தளை வயரிலிருந்து ஒட்டியது. சோப்பில் போகாது. குறைந்த அழுத்தத்தில் கிளாஸ் பீட் (நுண் கண்ணாடி மணிகள்) அடிக்கலாம். ஆனால் பஞ்ச், டையின் வெட்டு விளிம்பை மறைத்துவிட்டே அடியுங்கள், இல்லையேல் முனை மழுங்கும்.

லேசான துருவுக்கு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். சில நிமிடம் மட்டும் முக்கி, சோடா உப்புத் தண்ணீரில் அலசுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம்: கடினப்படுத்திய ஸ்டீலுக்குள் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் விடலாம். உலர்ந்ததும் நீர் விலக்கும் எண்ணெய் பூசுங்கள்.

எவ்வளவு தேய்த்தாலும், வெட்டும்போது உருகி மீண்டும் உறைந்த ரீகாஸ்ட் படலம் இதில் போகாது. அது ஸ்கிம் கட் (மெல்லிய இறுதி வெட்டு), பாலிஷ் வேலை.

பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சரைத்தான் பலர் மறக்கிறார்கள். கிளாம்ப் முகத்தில் ஆயில் ஸ்டோனை மெல்ல ஓட்டி, துணியால் துடையுங்கள். 100 மி.மீ. பாகத்தின் ஒரு முனையடியில் 0.02 மி.மீ. துகள் சிக்கினால், 50 மி.மீ. உயர வெட்டு 0.01 மி.மீ. சாய்ந்துவிடும்.