ஆசிரியர் சங்கத்தில் சேரும் முன்: நன்மை தீமைகளை எடைபோடும் முறை

பணியில் சேர்ந்த சில மாதங்களுக்குள் பல ஆசிரியர்களின் கைக்கு ஏதேனும் ஒரு சங்கத்தின் உறுப்பினர் படிவம் வந்துவிடுகிறது. மூத்தவர் ஒருவர் நீட்டுகிறார் என்பதற்காகவே கையெழுத்திடுபவர்கள் உண்டு. சங்கம் என்றாலே வேலைநிறுத்தம்தான் என்று எண்ணி ஒதுங்கிவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே ஆராயாமல் எடுக்கும் முடிவுகள். ஆசிரியர் சங்கங்கள் பொதுவாக நல்லவையா கெட்டவையா என்ற கேள்வியால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. உறுப்பினரின் நலனும் மாணவரின் கல்வியும் மோதும் நேரத்தில், உங்கள் முன் இருக்கும் இந்தக் குறிப்பிட்ட சங்கம் எப்படி நடந்துகொண்டது என்பதே நீங்கள் விசாரித்து அறிய வேண்டியது. அந்த விசாரணையை எப்படி நடத்துவது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

எந்த வகைச் சங்கம் என்று முதலில் அறியுங்கள்

ஆசிரியர் அமைப்புகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. பாடத்திட்டம், பயிற்சி, கற்பித்தல் முறை ஆகியவற்றில் கவனம் செலுத்துபவை சில. ஊதியத்துக்காகவும் பணி நிலைமைகளுக்காகவும் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நடத்துபவை சில. ஓர் அரசியல் கட்சியின் கிளையைப் போலவே இயங்குபவையும் உண்டு. அமெரிக்காவின் தேசியக் கல்விச் சங்கம் 1857இல் தொடங்கப்பட்டபோது அது கல்வி நிர்வாகிகளின் செல்வாக்கு மிகுந்த தொழில்முறை அமைப்பாக இருந்தது. 1916இல் சிகாகோவில் உருவான அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்போ தொடக்கத்திலிருந்தே தொழிலாளர் இயக்கத்தோடு இணைந்து நின்றது. முன்னதும் 1960களுக்குப் பிறகு பேரம் பேசும் தொழிற்சங்கமாகவே மாறிவிட்டது. ஆகவே பெயரையோ பழைய வரலாற்றையோ வைத்து முடிவு செய்யாமல், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தச் சங்கம் உண்மையில் என்ன செய்தது என்று கேளுங்கள்.

உங்கள் சட்ட நிலையையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சங்கம் அமைக்கும் உரிமையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1948ஆம் ஆண்டின் 87ஆம் உடன்படிக்கையும், கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை 1949ஆம் ஆண்டின் 98ஆம் உடன்படிக்கையும் வலியுறுத்துகின்றன. ஆயினும் எல்லா நாடுகளும் அவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை. சேரும் உரிமை இருக்கும் இடங்களிலெல்லாம் வேலைநிறுத்தம் செய்யும் உரிமையும் இருப்பதாகக் கருத முடியாது. பணி நியமன ஆணையையும் பணி விதிகளையும் முழுமையாகப் படித்த பிறகே படிவத்தை நிரப்புங்கள்.

நன்மைகளை எங்கே தேடுவது

ஊதிய உயர்வைத்தான் பெரும்பாலோர் முதலில் நினைக்கிறார்கள். என் கணிப்பில் சங்கத்தின் முதன்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது: ஓர் ஆசிரியர் மீது குற்றச்சாட்டு எழும் நாளில் அவர் தனியாக நிற்க வேண்டியதில்லை. பெற்றோர் ஒருவரின் கோபம், தலைமையாசிரியரோடு ஏற்பட்ட மனக்கசப்பு, உள்ளூர்ச் செல்வாக்குள்ள ஒருவரின் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தது என எதுவும் விசாரணையாக மாறலாம். யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து உருவாக்கிய ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரை 1966 அக்டோபர் 5 அன்று பாரிசில் ஏற்கப்பட்டது. அந்த நாளே இன்று உலக ஆசிரியர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. குற்றச்சாட்டை எழுத்தில் பெறவும், சான்றுகளைப் பார்க்கவும், தாம் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதியின் துணையோடு தம் தரப்பைச் சொல்லவும், மேல்முறையீடு செய்யவும் ஆசிரியருக்கு உரிமை வேண்டும் என்று அது சொல்கிறது. பரிந்துரை என்பதால் அது எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதில் உள்ளவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை பெரும்பாலும் சங்கங்களின் தோளில்தான் விழுகிறது. ஆகவே, குறிப்பாணை பெற்ற உறுப்பினருக்கு முதல் வாரத்தில் யார் உதவுகிறார்கள், விளக்கக் கடிதம் எழுத அனுபவமுள்ளவர் இருக்கிறாரா, வழக்குச் செலவில் சங்கம் எவ்வளவு ஏற்கும் என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

அடுத்து, சம ஊதியம். நியூயார்க் நகரில் பெண் ஆசிரியர்கள் தங்களுக்கென அமைப்பு கட்டிப் பல ஆண்டுகள் போராடி, 1911இல் சம வேலைக்குச் சம ஊதியம் தரும் சட்டத்தைப் பெற்றார்கள். பிரிட்டனில் அதே உரிமை படிப்படியாக வந்து 1961இல்தான் முழுமையடைந்தது. அதற்காகவே உழைத்த பெண் ஆசிரியர் சங்கம் அந்த ஆண்டோடு தன்னைக் கலைத்துக்கொண்டது. தனித்தனியாகக் கேட்டிருந்தால் எந்த நிர்வாகமும் இதைக் கொடுத்திருக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சங்கத்தின் மூன்றாவது பயன், நிர்வாகம் சொல்வதைச் சரிபார்க்கும் ஆற்றல். 1897இல் சிகாகோவின் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் ஒரு கூட்டமைப்பை நிறுவினர். ஒப்புக்கொண்ட ஊதிய உயர்வுக்குப் பணமில்லை என்று கல்வி வாரியம் கைவிரித்தபோது, மார்கரெட் ஹேலி, கேத்தரின் காகின் ஆகிய இருவரின் தலைமையில் அவர்கள் வரி ஆவணங்களை ஆராய்ந்து, பெரிய பொதுச்சேவை நிறுவனங்கள் செலுத்த வேண்டிய வரி வசூலிக்கப்படவே இல்லை என்று கண்டறிந்து, நீதிமன்றம் சென்று வென்றார்கள். கோரிக்கை வைப்பதோடு நில்லாமல் அதை நிறைவேற்றும் வழியையும் ஆவணத்தோடு காட்டும் சங்கம் உங்கள் ஊரில் இருந்தால், அது சந்தாவுக்குத் தகுதியானது.

மாணவருக்கு நேரடியாகப் பயன்படும் கோரிக்கைகள் எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்கள் 2019 ஜனவரியில் நடத்திய ஆறு நாள் வேலைநிறுத்தத்தின் முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், ஊதிய உயர்வோடு வகுப்பின் மாணவர் எண்ணிக்கையைக் குறைப்பதும் பள்ளிதோறும் முழுநேரச் செவிலியரை நியமிப்பதும் இடம்பெற்றன.

குறைகளை மறைக்காமல் பாருங்கள்

பாதுகாப்பு மிகும்போது அதன் சுமை குழந்தைகள் மீது விழக்கூடும். நியூயார்க்கில் குற்றச்சாட்டுக்கு உள்ளான நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள், விசாரணை முடியும் வரை கற்பிக்காமல் தற்காலிக மையங்களில் முழு ஊதியத்தோடு மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். நகர நிர்வாகமும் சங்கமும் 2010இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அந்த மையங்கள் மூடப்பட்டன. நிரபராதியான ஆசிரியருக்கும் அது கொடுமைதான். தகுதியற்றவர் ஒருவர் அங்கே இருந்திருந்தால் அது மக்கள் பணத்தின் வீணடிப்பு. நல்ல சங்கம் விசாரணை நியாயமாகவும் விரைவாகவும் நடக்க வேண்டும் என்று போராடும். விசாரணையே நடக்கக் கூடாது என்று போராடும் சங்கத்திடமிருந்து விலகி நில்லுங்கள். குறிப்பாக, மாணவரின் உடலுக்கோ மானத்துக்கோ தீங்கிழைத்ததாகப் புகார் வரும்போது சங்கம் என்ன செய்தது என்று தயங்காமல் விசாரியுங்கள். இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் மற்ற நன்மைகள் எதுவும் அதை ஈடுகட்டா.

அரசோடு மிக நெருங்கிய சங்கமும் ஆபத்தானதே. மெக்சிகோவில் 1943இல் தொடங்கப்பட்ட தேசிய ஆசிரியர் சங்கம், ஆளும் கட்சியோடு நெடுங்காலம் பின்னிப்பிணைந்து, பணி நியமனங்களிலேயே செல்வாக்குச் செலுத்தும் அளவுக்கு வளர்ந்தது. ஆசிரியர் பணியிடங்கள் விற்கப்படுவதும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மரபுரிமைபோல் செல்வதும் அங்கே வழக்கமாயின. 2013இல் வந்த சீர்திருத்தம் போட்டித் தேர்வைக் கட்டாயமாக்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இடமாறுதலுக்கோ பதவி உயர்வுக்கோ சங்கப் பொறுப்பாளரைப் ‘பார்த்துவிட்டு’ வர வேண்டும் என்ற பேச்சு உங்கள் காதில் விழுந்தால், அதே நோயின் தொடக்கம் அது என்று கொள்ளுங்கள்.

வேலைநிறுத்தத்தின் விலை பற்றி இரு தரப்பிலும் மிகைப்பேச்சு அதிகம். சில நாள்களுக்கு மட்டும் நீடித்து, இழந்த பாடவேளைகள் பின்னர் ஈடுசெய்யப்படும் வேலைநிறுத்தமும், ஆண்டுதோறும் தொடரும் வேலைநிறுத்தமும் ஒன்றல்ல. அர்ஜென்டினாவில் தொடக்கப் பள்ளிப் பருவத்தில் சராசரியாக 88 நாள் வேலைநிறுத்தத்தைச் சந்தித்தவர்களை வளர்ந்த பிறகு ஆராய்ந்த ஓர் ஆய்வு, 2019இல் வெளியானது; ஆண்களின் வருமானம் 3.2 விழுக்காடும் பெண்களின் வருமானம் 1.9 விழுக்காடும் குறைந்திருந்ததாக அது மதிப்பிட்டது. ஒருவருக்குச் சிறிய இழப்பாகத் தெரிவது ஒரு தலைமுறைக்கே நேரும்போது மிகப் பெரிது. ஆகவே வேலைநிறுத்தத்துக்கு முன் பேச்சுவார்த்தைக்கு எத்தனை வாய்ப்பு கொடுக்கப்பட்டது, உறுப்பினர்களின் இரகசிய வாக்கெடுப்பு நடந்ததா, விடுபட்ட பாடங்கள் நடத்தி முடிக்கப்பட்டனவா என்று பாருங்கள்.

பணிமூப்பு விதி குறித்து மட்டும் அவசரத் தீர்ப்பு வேண்டாம். திறமையைக் கணக்கில் கொள்ளாமல் ஆண்டுகளை மட்டுமே எண்ணும் ஊதிய அடுக்கு, துடிப்புள்ள இளம் ஆசிரியரைச் சோர்வடையச் செய்கிறது என்பது உண்மை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2011இல் கூட்டுப் பேர உரிமையைச் சுருக்கியபோது, சில மாவட்டங்கள் ஆசிரியருக்குத் தனித்தனியாக ஊதியம் நிர்ணயிக்கத் தொடங்கின. பார்பரா பியாசியின் ஆய்வின்படி திறமையான ஆசிரியர்கள் அத்தகைய மாவட்டங்களை நாடிச் சென்றார்கள். ஆனால் அவரும் இணை ஆய்வாளரும் பின்னர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அதே மாற்றத்துக்குப் பின் ஆண், பெண் ஆசிரியர்களிடையே ஊதிய இடைவெளி தோன்றியதையும் காட்டியது. நிர்வாகத்திடம் வாதாடி வாங்கத் தெரிந்தவருக்கு மிகுதியும், தெரியாதவருக்குக் குறைவும் கிடைக்கும் நிலையைப் பொது அடுக்கு தடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த விதியை எதிர்ப்பதும் ஆதரிப்பதும் பிழை.

ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது

சங்கங்கள் கல்வித் தரத்தைக் கெடுக்கின்றன என்று ஓர் ஆய்வைக் காட்டி ஒருவர் வாதிட்டால், அது எந்த நாட்டின், எந்தக் காலத்தின் தரவு என்று கேளுங்கள். கேரோலைன் ஹாக்ஸ்பி 1996இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, அமெரிக்காவில் சங்கங்களால் பள்ளிச் செலவு கூடியபோதிலும் இடைநிற்றலும் கூடியது என்றது. 2009இல் மைக்கேல் லவன்ஹைம், மூன்று மாநிலங்களில் சங்க அங்கீகாரம் பற்றிய பதிவுகளைத் தாமே திரட்டி ஆராய்ந்தபோது, இடைநிற்றலில் அத்தகைய விளைவைக் காணவில்லை. மறுபக்கம், ஃபின்லாந்தில் ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சங்கத்தில் இருப்பதைக் காட்டி, சங்கமே தரத்துக்குக் காரணம் என்று சொல்வதும் சரியாகாது. அங்கே ஆசிரியராவதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும், பயிற்சிக்கான தேர்வும் கடுமையானது. வலுவான சங்கமும் நல்ல கல்வியும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை மட்டுமே அந்த எடுத்துக்காட்டு நிறுவுகிறது.

நேரில் விசாரியுங்கள்

சங்கத்தின் துணைவிதிகளையும் அண்மைய தணிக்கை அறிக்கையையும் கேளுங்கள். தர மறுத்தாலோ, ‘மாவட்ட அலுவலகத்தில் இருக்கும்’ என்று தட்டிக்கழித்தாலோ, உங்கள் சந்தா எங்கே செல்லும் என்பது கடைசிவரை தெரியாமலே போகலாம். பொறுப்பாளர் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது, அதில் போட்டி இருந்ததா, பெண்களும் தற்காலிக ஆசிரியர்களும் செயற்குழுவில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

பிறகு, கடந்த ஐந்து ஆண்டுகளின் கோரிக்கை மனுக்களை எடுத்து வரிசையாகப் படியுங்கள். இதற்கு ஒரு மாலை நேரம் போதும். இதைவிடப் பயனுள்ள விசாரணை வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். நிரந்தர ஆசிரியரின் சலுகைகளுக்காக மட்டுமே ஆண்டுதோறும் குரல் எழுப்பி, அதே பள்ளியில் குறைந்த ஊதியத்துக்கு உழைக்கும் ஒப்பந்த ஆசிரியரை ஒருமுறைகூடக் குறிப்பிடாத மனு, அந்தச் சங்கத்தின் எல்லையைத் தானே காட்டிவிடும். ஒவ்வொரு கோரிக்கையும் என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். நிறைவேறாதவை இருப்பது குறையல்ல. பத்தாண்டாக ஒரே கோரிக்கையை ஒரே சொற்களில் எழுதிக்கொண்டிருப்பது குறை.

சங்கத்தால் உதவி பெற்ற ஒருவரோடும், கேட்டும் உதவி கிடைக்காத ஒருவரோடும் தனித்தனியே பேசுங்கள். இரண்டாமவரின் பேச்சில் வருத்தம் கலந்திருக்கலாம். அதைக் கழித்துவிட்டு, எந்தக் காரணத்தைச் சொல்லி உதவி மறுக்கப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு கிளைக் கூட்டத்தில் பார்வையாளராக அமருங்கள். தலைமையை எதிர்த்து ஒருவர் பேசும்போது கூட்டம் கேட்கிறதா, அடக்குகிறதா என்பதை அங்கேதான் காண முடியும்.

சேர்ந்தாலும் சேராவிட்டாலும்

சேராமலே பயனை மட்டும் பெறலாமே என்ற எண்ணம் பலருக்கு எழும். சங்கம் பேசிப் பெறும் ஊதிய உயர்வு உறுப்பினரல்லாதவருக்கும் கிடைப்பதால், இது உலகெங்கும் உள்ள சிக்கல். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல், உறுப்பினரல்லாத அரசுப் பணியாளரிடம் கட்டாயக் கட்டணம் பெறக்கூடாது என்று தீர்ப்பளித்ததும் இதையொட்டியதே. கட்டாயப்படுத்துவது தவறு என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் சங்கம் நேர்மையானது என்று உங்கள் விசாரணையிலேயே தெரிந்த பிறகும் சந்தாவை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் விலகி நிற்பது, உடன் பணியாற்றுபவர்களுக்குச் செய்யும் அநீதி.

குறைகள் இருந்தும் வேறு சங்கம் இல்லாத இடத்தில், சேர்ந்து உள்ளிருந்து திருத்த முயல்வது ஒரு வழி. அப்படிச் சேர்பவர் முதல் ஆண்டிலேயே பொதுக்குழுவில் ஒரு தீர்மானத்தை முன்மொழியலாம்: வரவு செலவு அறிக்கையை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புவது, அல்லது ஒவ்வொரு போராட்ட அறிவிப்போடும் விடுபடும் பாடங்களை நடத்தி முடிக்கும் திட்டத்தை இணைப்பது. இத்தகைய தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை உயர்த்துபவர்கள் யார் என்று பார்த்து வையுங்கள். அடுத்த செயற்குழுத் தேர்தலில் யாருக்கு வாக்களிக்கலாம் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். சேரும்போது தந்த வாக்குறுதிகளின் நகலையும் சந்தா ரசீதுகளையும் ஒரே கோப்பில் வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறை, உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்கும் முன் எடுத்துப் பாருங்கள்.