கார்த்திகை மழை வாரம்: கடலோர முன்னறிவிப்பு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில், வங்கக் கடலில் ஒரு சுழற்சி தென்பட்டவுடனே கடலோர மாவட்டங்களுக்கு வாராந்திர வானிலைக் குறிப்பு எழுதக் கிளம்பும் புதியவர்கள் ஆண்டுதோறும் பெருகிவருகிறார்கள். அவர்கள் எழுதுவதைப் படிக்கையில், தொடக்கத்தில் நான் எழுதிய குறிப்புகளையே வேறு பெயரில் படிப்பதுபோல் இருக்கிறது. பழைய காணொளியைப் புதியதென்று பரப்புவது, தேதி பார்க்காமல் வரைபடத்தைப் பகிர்வது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை தவறு என்பது செய்பவர்களுக்கே தெரியும்.

ஏழாம் நாளுக்கு ஊர்ப்பெயர் எழுதுவது

கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி இன்னும் உருவாகாத நிலையில் கணினி மாதிரிகள் காட்டும் ஏழாம் நாள் படத்தை வைத்து, ‘அடுத்த சனிக்கிழமை நாகப்பட்டினத்தில் அதி கனமழை’ என்று எழுதுகிறார்கள். சுழற்சியின் மையம் தொடக்கத்தில் நூறு கிலோமீட்டர் தள்ளி அமைந்தாலே, ஐந்தாறு நாட்களுக்குப் பிறகு மழை டெல்டாவில் பெய்யுமா நெல்லூரில் பெய்யுமா என்பது மாறிவிடும். முதல் மூன்று நாட்களுக்கு மாவட்டத்தைக் குறிப்பிடலாம். நான்காம், ஐந்தாம் நாட்களுக்கு வடகடலோரம், டெல்டா, தென்கடலோரம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கப்பால் மழை கூடுமா குறையுமா என்பதற்கு மேல் சொல்வது வெறும் ஊகமே.

கரையைக் கடக்கும் இடத்தையே முன்னறிவிப்பாகக் கொள்வது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ‘எங்கே கரையைக் கடக்கும்?’ என்ற ஒரே கேள்வியில் வாரம் முழுவதையும் அடக்கிவிடுகிறார்கள். கடக்கும் இடம் தெற்கே போனால் வடக்கே இருப்பவர்களுக்கு நிம்மதி, வடக்கே போனால் தெற்கே இருப்பவர்களுக்கு நிம்மதி, கடந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று குறிப்பு முடிந்துவிடுகிறது.

கரையைக் கடக்கும் இடம் முதன்மையாகக் காற்றையும் கடல் சீற்றத்தையும் பற்றிய தகவல் ஆகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்ததற்கு அந்த இடமே காரணம். நம் கரையை நோக்கி மேற்கே நகரும் புயலுக்கு வடபுறத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவதால், கடல்நீர் உள்ளே ஏறுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். மழையோ இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் ஆந்திரத்தின் பாபட்லா அருகே, சென்னைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே கரையேறியது. ஆனால் அதற்கு முன்பே, சென்னைக் கரைக்கு அப்பால் அது மெதுவாக நகர்ந்த 3, 4 தேதிகளில் நகரம் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது.

பெயர் சூட்டப்படாத சுழற்சிகளைப் பற்றிய அலட்சியமும் இதே தவறின் இன்னொரு முகம்தான். தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற படிநிலைகள் காற்றின் வேகத்தால் தீர்மானிக்கப்படுபவை. மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் தாழ்வு மண்டலம், 62 கிலோமீட்டரை எட்டினால் புயல். மழையின் அளவு இந்த வரையறையில் எங்கும் வருவதில்லை. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானபோது கடலில் புயல் எதுவும் இல்லை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியதற்குக் காரணம் குமரிக்கடல் பகுதியில் நிலவிய ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டுமே. ‘வெறும் சுழற்சிதான்’ என்று எழுதும் கை அந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடலூரில் ஆற்றோரமாக மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒருவர், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வருகிறது என்றதும் அரிசி மூட்டைகளை ஆள்வைத்து மாடியில் ஏற்றினார். புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. மறுநாள் அவருக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் குறிப்பு, ‘புயல் வலுவிழக்கிறது, இனி அச்சமில்லை’ என்றது. மூட்டைகளை மீண்டும் கீழே இறக்கினார். வலுவிழந்த அதே சுழற்சி மேற்கே உள்நாட்டுக்குள் நகர்ந்து, கடலையே பார்க்காத ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறக்கப்பட்டு, தென்பெண்ணை வழியாக அந்த வெள்ளம் கடலூருக்கு வந்துசேர்ந்தது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கீழ்வரிசை மூட்டைகள் ஊதித் தையல் பிரிந்து கிடந்தன.

குறிப்பை எழுதியவரிடம் பிறகு பேசியபோது, ‘புயல் வலுவிழந்தது உண்மைதானே, நான் எழுதியதில் என்ன பிழை?’ என்று கேட்டார். எழுத்தளவில் பிழை இல்லைதான். கடைக்காரர் கேட்டது ‘தண்ணீர் வருமா?’ என்பது, இவர் பதில் சொன்னதோ காற்றைப் பற்றி.

கடக்கும் இடத்தைச் சொல்வதோடு, சுழற்சி எவ்வளவு மெதுவாக நகர்கிறது, அடர்ந்த மேகத்திரள் மையத்துக்கு எந்தப் புறத்தில் இருக்கிறது, கரையேறிய பின் எந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி மேல் செல்லும் என்பவற்றையும் பார்த்தே குறிப்பை முடிக்க வேண்டும். நம் கடலோர ஊர்கள் பலவற்றுக்கு வெள்ளம் மேற்கிலிருந்துதான் வருகிறது.

பகல் வெயிலைக் கண்டு மழை விலகிவிட்டது என்பது

வலுவான சுழற்சி இல்லாத நாட்களிலும் கிழக்குக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து வீசும் காற்று கரையருகே அதனுடன் மோதுவதால், பின்னிரவிலும் விடியற்காலையிலும் மழை வலுக்கிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு ரேடார் படத்தைத் திறந்தால், சிறு சிறு மேகத் துண்டுகள் கடலிலிருந்து வரிசையாகக் கரையேறுவதைக் காணலாம். அவற்றில் ஒன்று மயிலாப்பூரில் அரை மணி நேரம் அடித்துப் பெய்துவிட்டுப் போகும். கிண்டியில் சாலை காய்ந்தே இருக்கும். காலை பத்து மணிக்கு அடிக்கும் வெயிலுக்கு இந்த வாரத்தில் பொருள் ஏதும் இல்லை.

செயலி காட்டும் மழைச் சதவீதம்

அது மழை பெய்வதற்கான வாய்ப்பைக் காட்டுவது. எவ்வளவு பெய்யும் என்பதை அல்ல.

கடலுக்கும் கரைக்கும் ஒரே குறிப்பு எழுதுவது

‘லேசான மழைக்கு வாய்ப்பு’ என்ற வரியைப் படித்துவிட்டுப் படகை எடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை எழுதுபவர் மறக்கக் கூடாது. கரையில் தூறல்கூட இல்லாத நாளிலும் மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறாவளிக் காற்று வீசக்கூடும். மீனவர்களுக்கான எச்சரிக்கை தனியாக வெளியாவதால், அதைத் தனிப் பத்தியாகவே தர வேண்டும். வாடைக்காற்று வலுத்திருக்கும் நாளில் மழையைப் பற்றிய வரி அவர்களுக்கு இரண்டாம் பட்சமே.

மழை அளவின் தேதி

முதல் நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்ததே அன்றைய அளவு. நேற்று மாலை பெய்த மழையை இன்றைய பட்டியலில் தேடுங்கள்.