போக்கரில் பந்தயம் கட்டுவது எப்படி: ஹோல்டெம், ஓமஹா, ஸ்டட்

போக்கர் கற்க வருபவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது எந்தச் சேர்க்கை எதை வெல்லும் என்ற வரிசையைத்தான். அது ஒரு மாலைப் பொழுதில் வந்துவிடும். மேசையில் அமர்ந்த பிறகு தடுமாற வைப்பவை வேறு கேள்விகள்: இப்போது யாருடைய முறை, எவ்வளவு வைக்கலாம், எவ்வளவு வைத்தே தீர வேண்டும்? வகைகள் பலவானாலும் பந்தயத்தின் இலக்கணம் ஏறத்தாழ ஒன்றே என்பதால், இந்த விளக்கம் அதிலிருந்து தொடங்குகிறது. பயிற்சிக்குப் பணம் வேண்டியதில்லை, தீக்குச்சிகளே போதும்.

படி 1: ஐந்து சொற்கள்

இந்தச் சுற்றில் இதுவரை எவரும் பந்தயம் வைக்கவில்லை என்றால் நீங்கள் எதுவும் வைக்காமல் முறையை அடுத்தவருக்கு விடலாம், அது செக். முதலில் நீங்களே வைத்தால் அது பெட். பிறர் வைத்த அளவுக்குச் சமமாக வைப்பது கால், அதற்கு மேல் உயர்த்துவது ரெய்ஸ், சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு விலகுவது ஃபோல்ட். ஆட்டத்தில் எஞ்சியிருக்கும் அனைவரும் ஒருமுறையாவது முடிவு சொல்லி, வைத்த தொகையும் சமமாகும்போது அந்தச் சுற்று முடிகிறது. நடுவில் சேரும் மொத்தத் தொகையே பாட்.

படி 2: ஹோல்டெமில் ஓர் ஆட்டத்தைப் பின்தொடர்தல்

இன்று மிகப் பரவலாக ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று எனத் திறக்கப்படும். இவை முறையே ஃப்ளாப், டர்ன், ரிவர். ஃப்ளாப்புக்கு முன் ஒன்றும் ஒவ்வொரு திறப்புக்குப் பின் ஒன்றுமாக நான்கு பந்தயச் சுற்றுகள் உண்டு.

க, ச, த, ப என நால்வர் வலஞ்சுழியாக அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். சீட்டுப் போடுபவரைக் குறிக்கும் வில்லையான டீலர் பட்டன் க-விடம் இருக்கிறது. அவருக்கு இடப்புறம் உள்ள ச சிறிய பிளைண்டாக 5 சிப்பும் (பணத்துக்கு ஈடான வில்லை), த பெரிய பிளைண்டாக 10 சிப்பும் சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்கிறார்கள். இந்தக் கட்டாயத் தொகை இல்லாவிட்டால் நல்ல சீட்டு வரும்வரை எல்லோரும் விலகிக்கொண்டே இருக்கலாம், ஆட்டமே நகராது.

முதல் முறை ப-வுடையது. அவர் 10 வைத்து கால் செய்கிறார். க 30 ஆக உயர்த்துகிறார். ச விலகுகிறார், அவர் வைத்த 5 பாட்டிலேயே தங்கிவிடும். த-வும் ப-வும் ஆளுக்கு மேலும் 20 வைக்க, பாட்டில் 95 சிப்புகள் சேர்கின்றன. ஃப்ளாப் திறந்த பின் பட்டனுக்கு இடப்புறம் எஞ்சியுள்ள முதல் ஆளான த தொடங்குகிறார். அவர் செக் சொல்ல, ப 50 வைக்கிறார். இப்போது க உயர்த்த விரும்பினால் குறைந்தது 100 வைக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு உயர்வும் அதற்கு முந்தைய பந்தயத்தின் அல்லது உயர்வின் அளவுக்காவது இருந்தாக வேண்டும். க 150 வைக்கிறார், த விலகுகிறார், ப மேலும் 100 வைத்துச் சமன் செய்கிறார். பாட் 395. டர்னில் இருவரும் செக். ரிவரில் ப 200 வைக்க, க சற்று யோசித்து விலகுகிறார். ப தன் சீட்டைக் காட்டாமலேயே பாட்டை எடுத்துக்கொள்கிறார். அவரிடம் உண்மையில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல அவர் கடமைப்பட்டவர் அல்லர், போக்கரின் சுவையே அதில்தான் இருக்கிறது.

படி 3: எவ்வளவு வரை வைக்கலாம்?

மேலே நடந்தது நோ லிமிட்: முன்னால் இருக்கும் சிப்புகள் அனைத்தையும் எந்த முறையிலும் வைக்கலாம். ஃபிக்ஸட் லிமிட்டில் தொகை முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். 10/20 ஹோல்டெம் என்றால் முதல் இரு சுற்றுகளில் பந்தயமும் உயர்வும் 10 மட்டுமே, பின் இரண்டில் 20 மட்டுமே.

குழப்புவது பாட் லிமிட். பாட்டில் 100 இருக்கிறது, எதிராளி 50 வைக்கிறார். நீங்கள் அதிகபட்சம் 150 வைக்கலாம் என்றே பலரும் நினைப்பார்கள், அது தவறு. முதலில் நீங்கள் 50 வைத்துச் சமன் செய்ததாகக் கணக்கிட வேண்டும். அப்போது பாட் 200 ஆகிறது. அந்த 200 அளவுக்கு உயர்த்தலாம் என்பதால் மொத்தம் 250 வைக்க முடியும். கடைசிப் பந்தயத்தை மூன்றால் பெருக்கி, அதற்கு முன் பாட்டில் இருந்ததைக் கூட்டினால் இதே விடை உடனே கிடைக்கும்.

படி 4: மற்ற வகைகளில் மாறுவது என்ன?

ஓமஹா பெரும்பாலும் பாட் லிமிட்டாக ஆடப்படுகிறது. பிளைண்டும் நான்கு சுற்றுகளும் ஹோல்டெம் போலவே இருக்கும், ஆனால் கையில் நான்கு சீட்டுகள். அவற்றிலிருந்து சரியாக இரண்டையும், நடுவிலிருந்து சரியாக மூன்றையும் எடுத்தே சேர்க்கை அமைக்க வேண்டும். நடுவில் நான்கு ஆட்டின் (ஹார்ட்) சீட்டுகள் கிடக்க, கையில் ஆட்டின் ஏஸ் மட்டும் இருந்தால் ஹோல்டெமில் அது உச்சமான ஃப்ளஷ் (ஒரே இனத்தின் ஐந்து சீட்டுகள்). ஓமஹாவில் அது ஃப்ளஷே அல்ல. ஹோல்டெமிலிருந்து வருபவர்கள் தோற்ற பிறகுதான் இதை நினைவுகூர்வார்கள். நானும் அப்படித்தான் கற்றேன்.

ஏழு சீட்டு ஸ்டட்டில் பொதுச் சீட்டுகள் இல்லை, பிளைண்டும் இல்லை. எல்லோரும் ஆண்டி என்ற சிறு தொகையை வைத்த பின் இரண்டு கவிழ்ந்த சீட்டுகளும் ஒரு திறந்த சீட்டும் வரும். மிகத் தாழ்ந்த திறந்த சீட்டை வைத்திருப்பவர் கட்டாயமாக முதல் தொகையை வைக்க வேண்டும்; அடுத்த சுற்றுகளில் திறந்த சீட்டுகள் உயர்வாக உள்ளவர் தொடங்குவார். மொத்தம் ஐந்து சுற்றுகள். எட்டுப் பேரும் இறுதிவரை நின்றால் 56 சீட்டுகள் தேவைப்படும், கட்டிலோ 52தான் உள்ளன. அந்த அரிய நிலையில் கடைசிச் சீட்டாக ஒன்றை மட்டும் நடுவில் திறந்து அனைவருக்கும் பொதுவாக்குவார்கள்.

ஐந்து சீட்டு டிராவில் இரண்டே சுற்றுகள்: சீட்டு மாற்றுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று.

படி 5: சிப்பு தீர்ந்துவிட்டால்

ஒருவரிடம் 100தான் இருக்கிறது, மற்ற இருவரும் 300 வைத்துவிட்டார்கள் என்றால் அவர் விலக வேண்டியதில்லை. தன் 100ஐயும் வைத்து ஆல் இன் சொல்லலாம். ஒவ்வொருவரிடமிருந்தும் 100 சேர்ந்து 300 கொண்ட முதன்மைப் பாட் உருவாகும்; மீதமுள்ள 400 மற்ற இருவருக்கு மட்டும் உரிய துணைப் பாட் ஆகும். அவர் சீட்டே சிறந்தது என்றாலும் அவருக்குக் கிடைப்பது அந்த 300 மட்டுமே.

படி 6: கையும் வாயும்

வாயால் சொன்னது கட்டுப்படுத்தும் என்பது பொதுவான விதி; "கால்" என்று சொன்ன பிறகு மனம் மாறி உயர்த்த முடியாது. பிறர் வைத்த 50க்கு எதிராக, எதுவும் சொல்லாமல் 500 மதிப்புள்ள ஒற்றைச் சிப்பைப் போட்டால் அது கால் என்றே கொள்ளப்படும், மீதி உங்களிடம் திரும்பும். எனவே உயர்த்துவதாக இருந்தால் முதலில் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள், அதன் பிறகு சிப்பை நகர்த்துங்கள்.